நல்ல தண்ணீருக்கு இரண்டு மூட்டை உப்பு

மரக்காணத்தில் தண்ணீரை நாக்கால் அளப்பார்கள். கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிவெளி என்கிற உவர்நீர் ஏரி, நடுவில் உப்பளம் என்று இருக்கிற ஊரில் மூன்றாவதாக ஒரு வகைத் தண்ணீர் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி உண்டா என்பது பின்னால் வரும்.

2004ஆம் ஆண்டு நடுவில் ஓய்வு பெற்றேன். அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராகச் சேர்ந்து, அதிலேயே பழுத்து, ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் நான். மரக்காணத்துக்கும் கீழ்புத்துப்பட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, மணல்மேட்டில் எனக்கு ஒரு மனை இருந்தது. அதில் வீடு கட்டிக் குடிவந்தேன். காற்று நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள். காற்று நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு பழைய தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் தெரியும். டிவி பெட்டிக்குள்ளே இருக்கும் பச்சை அட்டைகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்திப் பற்றவைத்து அனுப்பிய இடம். மூடி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. கூரைத் தகடு, கம்பிக் கதவு, மின்சார வயர், கழிவறைத் தொட்டி வரை ஏலத்தில் போய்விட்டன. மண்ணை மட்டும் யாரும் ஏலத்தில் கேட்கவில்லை.

அந்தச் சுவரை ஒட்டி ஒரு அம்மாவின் வீடு. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகளை மீனவர் குப்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே அவருடைய பிரசங்கத்தின் நீளத்தைப் பற்றிக் குறை சொல்லக்கூடியவர். அந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்திருக்கிறார். மூடும்போது கொடுத்த பணத்தில் சுவருக்கு வெளியே துண்டு நிலம் வாங்கி, கிணறு வெட்டினார். தண்ணீர் துளி உப்பில்லாமல் ஊறியது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அதைவிட முக்கியமாக, உப்பள மேஸ்திரி வந்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாத்தியில் உப்பு எப்போது விழும் என்று பார்க்க, உப்புநீரில் மிதக்கவிடும் கண்ணாடி மீட்டர் ஒன்றை முதலாளி அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் அதைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். விரலை முக்கி நாக்கில் வைத்து ‘பதினெட்டு’, ‘இருபத்திரண்டு’ என்று டிகிரி சொல்வார். ஒருமுறை பெட்டியைத் திறக்கச் சொல்லி நானே சரிபார்த்தேன். அரை டிகிரி வித்தியாசம் இருந்தது. மீட்டரில் கோளாறு என்றார். சுற்றுவட்டாரத்தில் யார் கிணறு வெட்டினாலும் முதல் சொம்பு தண்ணீர் அவரிடம்தான் வரும். அந்த அம்மாவின் கிணற்றுக்கு அவர் கொடுத்த தீர்ப்பு ஊரெல்லாம் பரவியிருந்தது: இந்தக் கரையிலேயே இதைப் போல ருசியான தண்ணீர் கிடையாது, லேசாகத் தித்திக்கக்கூடச் செய்கிறது.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. குப்பங்களில் இருந்த அடிபம்புகள் எல்லாம் உப்பாகிவிட்டன. வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் போட்டார்கள். அந்த அம்மாவின் மகளும் மருமகனும் அங்கே ஒரு கொட்டகையில் இருந்தார்கள். கொட்டகைக்குத் தண்ணீர் வேண்டும். குடிநீர் அலுவலகத்திலிருந்து இளம் பொறியாளர் ஒருவர் ஜீப்பில் வந்து ‘ஸ்வீட் வாட்டர் சோர்ஸ்’ எங்கே என்று கேட்டார். ஊர் ஒரே குரலில் மேஸ்திரியைக் காட்டியது, மேஸ்திரி அந்தக் கிணற்றைக் காட்டினார். பொறியாளர் தன்னுடைய கருவியை விட்டுப் பார்த்தார். அதுவும் உப்பைத்தான் அளக்கும். மேஸ்திரியின் நாக்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, அது பேட்டரியில் ஓடும் என்பதுதான். அச்சடித்த படிவத்தில் நிறம், மணம், கடினத்தன்மை, குளோரைடு என்று கட்டங்களை நிரப்பி, கீழே ‘குடிக்க உகந்தது’ என்று எழுதினார்.

அந்த அம்மா தயங்கவே இல்லை. தன் மகள் இருக்கிற கொட்டகைக்குத் தன் கிணற்றுத் தண்ணீர் போகிறது என்பதில் அவருக்குப் பெருமை. நிவாரணம் முடியும்வரை கிணற்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவதாக எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடிதத்தைப் படித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்குப் படிக்க என்ன இருக்கிறது என்றார். ஞாயிறு தவிரத் தினமும் காலையில் டேங்கர் வந்து நிற்க ஆரம்பித்தது.

எனக்கு அந்தத் தண்ணீரோடு பழக்கமில்லை. நான் கேன் தண்ணீர் குடிக்கிறவன்; பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் குழாயை நம்புவதில்லை. 2005 ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் என் கேன் தீர்ந்துபோய், அந்த அம்மாவிடம் ஒரு குடம் கேட்டேன். காப்பிக்குக் கொதிக்க வைத்தபோது பாத்திரத்திலிருந்து ஒரு வாசனை எழுந்தது. இனிப்பான, சுத்தமான வாசனை. பிரிவு உபசார விழாவில் போட்டுக்கொள்ள என்னுடைய ஒரே கோட்டை டிரை கிளீனிங் கொடுத்து வாங்கியபோது அதிலிருந்து வந்த மாதிரியான வாசனை. கிணற்றுக்குள் கோட்டு எப்படி வரும் என்று கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன். பிறகு ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் மூடியுள்ள ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பாதிக்கு நிரப்பி, இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தேன். இதற்கு அரசாங்கக் கருவி எதுவும் வேண்டாம். நன்றாகக் குலுக்கி அந்த அம்மாவிடம் எடுத்துப் போய், மூக்குக்குப் பக்கத்தில் திறந்து காட்டினேன். என்ன ஏது என்று சொல்லவில்லை.

முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். “சார், இது வாஷிங் ரூமு” என்றார்.

பற்றவைத்த அட்டைகளில் ஒட்டியிருக்கும் பிசினைக் கழுவ, டிரம்மில் ஒரு திரவம் வரும். அதைத் தொட்டியில் ஊற்றி, பெண்கள் அட்டைகளை முக்கி முக்கி எடுப்பார்கள். கை வெளுத்து வெடிக்கும், மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுக்கும். டிரை குளோரோ எத்திலீன் என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. அங்கே அதை ‘லிக்விட்’ என்றுதான் சொன்னார்களாம். அழுக்காகிப் பழுப்பேறியதும் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் மணலில் ஒரு பள்ளம் இருந்தது. ஷிஃப்ட் முடியும்போது வாளியில் மொண்டு அதில் ஊற்றச் சொல்வார்கள். காற்றில் பறந்துவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

“ஊத்தின உடனே காணாம பூடும் சார். நாங்க சிரிப்போம், மண்ணு என்னா தாகமா இருக்குதுன்னு.”

அவருடைய கிணறு அந்தப் பள்ளத்திலிருந்து முப்பது அடி தள்ளி இருந்தது. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது. கொஞ்சம் காற்றில் போகும். மீதி இறங்கும், நிற்கும், பல வருடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். நான் சொல்லி முடித்ததும் அவர் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அத்தனை வருடம் அதைக் குடித்தவர் அவர். மகள் முழுகாமல் இருக்கிறாள், இப்போதுதான் தெரிந்தது என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை டேங்கர் டிரைவரிடம் நாளையிலிருந்து வராதே என்றார். மறுநாள் கிணற்றுக் கம்பிவலையில் பூட்டுப் போட்டார். பத்து மணிக்குள் வருவாய் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டார். சுனாமியில் பாதித்தவர்களுக்குப் போகிற தண்ணீரைத் தடுத்தால் என்னென்ன பிரிவுகளில் வழக்குப் போடலாம் என்று அவர் தப்புத் தப்பாகச் சொன்னார். பிரிவு எண்களை நான் திருத்த வேண்டியிருந்தது. ஒப்புதல் கடிதம் இருக்கிறது, குடிக்க உகந்தது என்ற சான்று இருக்கிறது, மாற்று ஏற்பாடு செய்யாமல் திரும்பப் பெற முடியாது என்றார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஊர் வேறு மாதிரி பேசியது: பணம் கேட்கிறாள், லாரித் தண்ணீர்க்காரனிடம் பேசி வைத்திருக்கிறாள். பூட்டைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடலைவிட்டு மேற்கே தள்ளியிருக்கிற பிரம்மதேசத்திலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் பிடித்து, இரண்டு பஸ் மாறி மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொட்டகையில் எல்லோரும் டேங்கர் தண்ணீர் குடிக்கும்போது தான் மட்டும் கேனில் குடித்தால் என்ன நினைப்பார்கள் என்று மகளுக்குக் கூச்சம். அம்மா திரும்பியதும் கேனை அக்கம்பக்கத்துக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு டேங்கர் தண்ணீரையே குடித்தாள்.

இங்கேதான் என் திறமையை நம்பி நான் இறங்கினேன். மனு எப்படி எழுதுவது, எந்த மேசையில் கொடுத்தால் எந்த மேசைக்குப் போகும், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் அதை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, இயங்குகிற தொழிற்சாலைக்கு ஒரு பிரிவு, இயங்க விரும்புகிற தொழிற்சாலைக்கு ஒரு பிரிவு இருந்தது. மூடிய தொழிற்சாலைக்குப் பிரிவு இல்லை. மனு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து குடிநீர் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. போன வழி முழுவதும் ஓரத்தில் பச்சை மையிலும் சிவப்பு மையிலும் சுருக்கொப்பங்கள். அழகான கோப்பு. என் காலத்தில் நானும் அப்படிப் பல கோப்புகளை ஊர்சுற்ற அனுப்பியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு நானே மாதிரி எடுத்துப் போனேன். குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நான் நினைத்ததுதான் இருந்தது; இருக்கக்கூடாத அளவில் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இளம் பொறியாளரிடம் போனேன். மரியாதையான பையன், எழுந்து நின்றார். நான் எந்தக் கூடத்தில் இருந்தேன் என்று தெரிந்ததும் காப்பி வரவழைத்தார். தாளை இரண்டு முறை படித்தார்.

“சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா இதை நான் எங்க சார் என்ட்ரி போடுவேன்? ஃபாரத்துல கட்டமே இல்லியே.”

படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அதன் வரிசையை ஒப்பிப்பேன். புதிய கட்டம் சேர்க்க மேலிடத்துக்கு எழுதலாம் என்றார். எழுதினால் வர எவ்வளவு காலமாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசவில்லை. தனியார் தாளில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது. அந்தத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எடுத்த பரிசோதனை அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று கேட்டேன். எவனோ ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பான், அவனைப் பிடித்தால் கோப்பு நகரும் என்பது என் கணக்கு. முப்பது நாள் கெடு. அவர்கள் அதைத் தாண்டினார்கள். மேல்முறையீடு செய்தேன். பொங்கல் முடிந்து பதிவுத் தபாலில் மூன்று தாள்கள் வந்தன.

தெருக்கோடிக் கிணறு ஒன்றின் மாதிரி. மணம் என்ற கட்டத்தில் ‘ஆட்சேபணைக்குரியதல்ல’. முடிவு, ‘குடிக்க உகந்தது’. கீழே கையெழுத்து என்னுடையது.

எனக்கு அந்த மாதிரி நினைவில்லை. நினைவிருக்க நியாயமும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது வரும். ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். யாரோ ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்து, பஸ்ஸில் போட்டு, நாலு நாள் கழித்து வராந்தாவில் இறக்கியிருப்பார்கள். மூடி சரியாக இருந்திருக்காது. அந்தத் திரவத்தின் குணம் பறந்துபோவது. என் மேசைக்கு வரும்போது போயிருக்கும். போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றுமில்லை. மணம் என்ற கட்டத்தை நாங்கள் யாரும் முகர்ந்து பார்த்து நிரப்பியதில்லை. மேலே உள்ள தாளில் என்ன இருக்கிறதோ அதையே எழுதிக்கொண்டு போவோம்.

தாளை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மறைத்திருக்கலாம், மறைக்கவும் நினைத்தேன். அவர் கையெழுத்தையும் என்னையும் பார்த்தார்.

“நான் ஊத்தினேன், நீங்க கையெழுத்துப் போட்டீங்க. மேஸ்திரி நக்கிப் பாத்து நல்ல தண்ணின்னு சொல்லிட்டாரு. நம்ம மூணு பேரும் போதும் சார், வேற ஆளே வேணாம்.” பிறகு, “உப்பா இருந்தா மட்டும் உடனே மூடிடுவாங்க இல்ல?” என்று கேட்டார்.

அவர் அதை ஏளனமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு இருவருமே திரும்பிக் கிணற்றைப் பார்த்தோம்.

மேஸ்திரியை வரவழைத்து விஷயத்தைச் சொன்னோம். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. அவர் நாக்கின் பெயர் கெட்டுப்போகும் என்றார். பாட்டில் வித்தையை அவருக்கும் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டிலை அவரே இறுக மூடினார். கடைசியில் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

“நான் போய் உப்புன்னு பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நெஜமாவே உப்பா இருந்தாத்தான் சொல்லுவேன். அதுக்கு எவ்ளோ போடணுமோ அவ்ளோ போட்டுடுவோம்.”

கிணற்றின் விட்டத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து நான் கணக்குப் போட்டேன். ஒரு மூட்டை தாராளம். மேஸ்திரி என் கணக்கைப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டியில் இரண்டு மூட்டை கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை டேங்கர் வராது. தெரு முழுவதும் பூசைக்குப் போயிருக்கும். அந்த அம்மா அன்று பூசையை விட்டார். பொது நீர்நிலையைக் கெடுப்பது எந்தச் சட்டத்தில் என்ன குற்றம், என்ன தண்டனை என்று அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கினேன். மேஸ்திரி முழுவதையும் கேட்டுவிட்டு, மூட்டையின் அந்த மூலையைப் பிடியுங்கள் சார் என்றார். பிடித்தேன். வேலைக்காலம் முழுவதும் தண்ணீருக்காகச் சம்பளம் வாங்கிய நான் தண்ணீருக்கு என்று உடம்பை வளைத்துச் செய்த முதல் வேலை அதுதான். வாளியால் மொண்டு மொண்டு திரும்ப ஊற்றிக் கலக்கினோம். அந்த அம்மாதான் அதிகம் ஊற்றினார். பழகிய கை.

திங்கட்கிழமை மத்தியானம் கொட்டகையிலிருந்து புகார் போனது. ஆறு மாதமாக என் மனுக்களுக்கு அசையாத ஜீப் மூன்று மணிக்கு வந்து நின்றது. பொறியாளர் கருவியை விட்டார், எண்ணைப் பார்த்தார், மீண்டும் விட்டார். ஊர் வழக்கப்படி மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் விரலை முக்கி நாக்கில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “உப்பு” என்றார். துப்பினார். கடல் நிலத்தடி வழியாக இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று பொறியாளர் விளக்கினார். அதற்கு ஒரு கட்டம் இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தின் தடத்தையும் வாசற்படியில் சிந்தியிருந்த கல்லுப்பையும் பார்த்தார். ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதி, அன்றே கிணற்றுச் சுவரில் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே டேங்கர் பிரம்மதேசத்தில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தது. ஒப்புதல் கடிதமும் தானாக ரத்தானது. மொத்தம் ஐந்து நாள். இவ்வளவு விரைவான நடவடிக்கையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் மாறவில்லை. பள்ளம் இருந்த இடத்தில் நெருஞ்சி முளைத்திருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வீட்டுக்கு வீடு கலர் டிவி தருவதாகச் சொன்னார்கள். சுற்றுச்சுவரில் அதற்கான விளம்பரம் எழுதினார்கள். அந்தச் சுவருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. என் மனு இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கடிதம் வந்தது. கிணறு உப்பாகிவிட்டதால் மேல்நடவடிக்கை அவசியமில்லை என்று அடுத்த கடிதம் வந்தது. ஊரில் பாதிப் பேர், அந்த அம்மாவின் பேராசைக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று பேசிக்கொண்டார்கள். அவர் யாரிடமும் திருத்தவில்லை. மழைக்குப் பிறகு உப்பு குறைந்தால் மூன்றாவது மூட்டைக்குத் தான் பொறுப்பு என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார். சித்திரையில் குழந்தை பிறந்தது, பெண். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று என் வீட்டு வாசலில் நின்று, குழந்தை நன்றாக இருக்கிறது, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, மடித்த தாளை நீட்டினார். நான் ரொம்ப சந்தோஷம் என்றேன். அவர் தாளை நீட்டியபடியே நின்றார். அதில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எடை, நீளம், அழுகை, நிறம். எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார்கள்.